எது காத்திருக்கலாம்?

“ஸ்பீடு டெஸ்ட் போட்டா நல்லாத்தான் காட்டுது. ஆனா போன் பேசினா குரல் உடையுது.” அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற எவரும் இந்தப் புகாரைக் கேட்டிருப்பார்கள். கூடவே ஒரு யோசனையும் வரும்: லைனை இரண்டு மடங்காக்கிவிடலாமா? சில இடங்களில் அதுவே சரியான வழி. ஆனால் பல இடங்களில் சிக்கல் லைனின் வேகத்தில் இல்லை, லைனில் ஏறுவதற்காக நிற்கும் வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையை ஒழுங்கு செய்வதற்காக ஒவ்வொரு ஐபி பாக்கெட்டிலும் 6 பிட் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கியூஓஎஸ் (குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்) என்று சொல்கிறோமே, அதன் உயிர் இந்த 6 பிட்டில்தான். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பதிவு கொஞ்சம் நீளம். ஆற அமரப் படியுங்கள்.

குரல் எங்கே உடைகிறது

திருப்பூரில் நான் வேலை பார்த்த ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். ஊருக்குள் அலுவலகம், ஊருக்கு வெளியே தொழிற்சாலை, இரண்டுக்கும் இடையே 10 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன். மேசையில் இருப்பதெல்லாம் ஐபி போன்கள். போன் சர்வர் அலுவலகத்தில் இருந்ததால் தொழிற்சாலைக்காரர்கள் வெளியே பேசும் பேச்சு முழுவதும் அந்த லைன் வழியாகத்தான் போகும். காலையில் ஒரு குறையும் இருக்காது. ஐரோப்பாவில் அலுவலகங்கள் திறந்து பையர்கள் கூப்பிடத் தொடங்கும் பிற்பகலில்தான் குரல் உடையும். “பையர் சொல்ற ஷேட் நம்பர் பாதிதான் காதுல விழுதுங்கண்ணா. திரும்பக் கேட்டா ‘மெயில் போடுங்க’ன்னு வெச்சர்றாங்க” என்றார் தொழிற்சாலையில் மெர்ச்சண்டைசராக இருந்த பெண். ஷேட் எண் ஒன்று மாறினால் சாயப்பட்டறையில் ஒரு லாட் துணியே மாறிப்போகும். சின்னப் புகார் என்று ஒதுக்கக்கூடிய விஷயம் இல்லை இது.

அதே பிற்பகலில்தான் அலுவலகக் கணினிகளிலிருந்து பேட்டர்ன் கோப்புகளும் அன்றைய பேக்கப்பும் தொழிற்சாலை சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜி.711 முறையில் ஒரு போன் பேச்சு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. அதில் குரல் 160 பைட். ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். மொத்தம் 200 பைட், விநாடிக்கு 50 பாக்கெட். ஆக 80 கேபிபிஎஸ். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 0.8 எம்பிபிஎஸ்தான் ஆகும். 10 எம்பிபிஎஸ் லைனில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குரலுக்கு இடம் நிறையவே இருந்தது.

பேக்கப் போவது டிசிபி வழியே. டிசிபியில் நெடுங்காலமாக வழக்கில் இருக்கும் முறைகள் பாக்கெட் தொலையும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ரவுட்டரின் பஃபரை நிரப்பி, அது வழிந்த பிறகுதான் வேகத்தைக் குறைக்கும். 1500 பைட் பாக்கெட் ஒன்று 10 எம்பிபிஎஸ் லைனில் ஏற 1.2 மில்லிசெகண்டு ஆகும். பஃபரில் அப்படி 256 பாக்கெட் நின்றிருந்தால், கடைசியாக வந்து சேரும் குரல் பாக்கெட் 307 மில்லிசெகண்டு காத்திருக்க வேண்டும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. வரிசையில் நிற்பதற்கே அதைப் போல இரண்டு மடங்கு போய்விடுகிறது. போதாக்குறைக்கு இந்த வரிசை நீள்வதும் சுருங்குவதுமாக இருப்பதால் பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. இதைத்தான் ஜிட்டர் என்கிறோம். போன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். அதற்கும் பிந்தி வருகிற பாக்கெட்டை எறிந்துவிடும். அந்த மெர்ச்சண்டைசரின் காதில் விழாமல் போன பாதி எண் அப்படி எறியப்பட்ட துண்டுகளில் இருந்தது.

லைனை 20 எம்பிபிஎஸ் ஆக்கினால்? பேக்கப் அதையும் நிரப்பும். வேலை சீக்கிரம் முடியும், வரிசையும் ஓரளவு விரைவாக நகரும் என்பது உண்மைதான். ஆனால் பேக்கப் ஓடும் வரை வரிசை நின்றுகொண்டேதான் இருக்கும்.

இங்கேதான் முன்னுரிமை உதவுகிறது. கல்யாண வீட்டில் பந்தியைக் கவனிக்கிறவர், பஸ் பிடிக்க வேண்டியவரையும் வேளைக்கு மாத்திரை போட வேண்டிய பெரியவரையும் முதல் பந்தியில் உட்கார வைப்பார். சமைத்த சோறும் கூடவில்லை, போட்ட இலையும் கூடவில்லை. உள்ளூர்க்காரர்கள் சிலர் அடுத்த பந்திக்குப் பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கியூஓஎஸ் புதிதாக வேகம் எதையும் உண்டாக்குவதில்லை. யாரோ ஒருவரைக் காக்க வைத்துத்தான் இன்னொருவரை முன்னே விடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

ஒரு பைட்டின் கதை

முன்னுரிமை என்ற இந்த யோசனை ஐபியோடு கூடவே பிறந்தது. 1981 செப்டம்பரில் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 791 பாக்கெட் தலைப்பின் இரண்டாவது பைட்டை ‘டைப் ஆஃப் சர்வீஸ்’ என்று ஒதுக்கியது. அதன் முதல் 3 பிட்டுகள் முன்னுரிமைக்கு. 0 என்றால் ரொட்டீன், அடுத்து பிரையாரிட்டி, இம்மீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைடு என்று ஏறிக்கொண்டே போகும். இந்தப் பெயர்கள் அமெரிக்க ராணுவத் தந்திச் செய்திகளின் வழக்கிலிருந்து வந்தவை. ஐபி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறைதான் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

உண்மையான நெரிசல் வந்தபோது இந்த எண்ணம் கைகொடுத்தும் இருக்கிறது. 1980களின் நடுவில் அமெரிக்காவின் சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களை இணைத்த என்எஸ்எஃப்நெட்டின் முதுகெலும்பு வெறும் 56 கேபிபிஎஸ் லைன்களால் ஆனது. அங்கே பாக்கெட்டுகளை நகர்த்தியது டேவிட் மில்ஸ் எழுதிய ‘ஃபஸ்பால்’ மென்பொருள். கோப்புப் பரிமாற்றங்கள் லைனை அடைத்துக்கொள்ள, டெல்நெட்டில் வேலை செய்தவர்கள் தட்டிய எழுத்து திரையில் தோன்றுவதற்கே காத்துக் கிடந்தார்கள். ஃபஸ்பாலில் டெல்நெட் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. 1988இல் 1.5 எம்பிபிஎஸ் லைன்கள் வரும்வரை இந்த ஏற்பாடு நெருக்கடியைத் தாங்கிப் பிடித்தது.

ஆனால் இதை எல்லோருக்கும் பொதுவான முறையாக்க நினைத்தால் ஒரு கேள்வி எழும். ஒவ்வொருவரும் தன் பாக்கெட்டிலேயே ‘ஃபிளாஷ்’ என்று எழுதிக்கொண்டால் என்ன செய்வது? 1994இல் முன்வைக்கப்பட்ட ‘இன்ட்சர்வ்’ முறை இதற்கு ஒரு பதில் சொன்னது: வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரிடமும் ஒவ்வொரு உரையாடலும் முன்கூட்டியே இடம் பிடித்துக்கொள்ளட்டும். இதற்கான ஆர்எஸ்விபி நெறிமுறையும் 1997இல் வந்தது. நடுவில் இருக்கும் பெரிய ரவுட்டர்கள் அத்தனை உரையாடல்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதால் இது பெரிய அளவில் எடுபடவில்லை.

1998 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 2474, 2475 இரண்டும் அந்தச் சுமையைத் தூக்கிப் போட்டன. பழைய பைட்டையே எடுத்து அதன் முதல் 6 பிட்டுகளை டிஎஸ்சிபி என்றாக்கினார்கள். ஆக 0 முதல் 63 வரை 64 எண்கள். மீதி 2 பிட்டுகள் 2001இல் நெரிசலை முன்கூட்டி அறிவிக்கும் இசிஎன் முறைக்குப் போயின. இந்தப் புதிய ஏற்பாட்டின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. எந்தப் பாக்கெட் என்ன வகை என்று ஆராய்ந்து முத்திரை குத்தும் வேலை நெட்வொர்க்கின் ஓரத்தில் நடக்கும். நடுவில் இருப்பவர்கள் எண்ணை மட்டும் பார்த்து, அந்த எண்ணுக்கு உரிய வரிசையில் சேர்த்துவிடுவார்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை.

இதில் நான் மிகவும் மதிக்கும் நேர்மை ஒன்று உண்டு. பாக்கெட்டின் மேல் இருக்கும் எண் ஒரு உத்தரவாதம் அல்ல, ஒரு கோரிக்கை மட்டுமே. அந்த எண்ணை எப்படி நடத்துவது என்று ஒவ்வொரு ரவுட்டரும் தனித்தனியே முடிவு செய்கிறது.

தெரிந்திருக்க வேண்டிய எண்கள்

எல்லா எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 0 என்றால் சாதாரணம். 46 என்றால் குரல். தாமதமே கூடாத பாக்கெட்டுகளுக்கான இஎஃப் வகை. ஏஎஃப் என்ற குடும்பத்தில் நான்கு வகுப்புகள், ஒவ்வொன்றிலும் மூன்று படிகள். நெரிசல் வந்தால் அதே வகுப்புக்குள் எதை முதலில் கைவிடலாம் என்று அந்தப் படி சொல்லும். ஏஎஃப்41 என்பது 34, வீடியோ உரையாடலுக்கு வழக்கமாகப் பயன்படுவது. 48 ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கானது. அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு அந்த நிறுவனமே தரும் பரிந்துரை நல்ல எடுத்துக்காட்டு. கணினியில் 50000 முதல் 50019 வரையிலான போர்ட்டுகள் குரலுக்கு, முத்திரை 46. 50020 முதல் 50039 வரை வீடியோவுக்கு, முத்திரை 34. 50040 முதல் 50059 வரை திரைப் பகிர்வுக்கு, முத்திரை 18. விண்டோஸ் குரூப் பாலிசியில் இதை எழுதிவிட்டால் கணினியே முத்திரை குத்தி அனுப்பும். லினக்ஸ் ரவுட்டர் என்றால் ஐபிடேபிள்ஸின் மேங்கிள் டேபிளில் ஒரே விதியில் இந்த வேலை முடிந்துவிடும்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. சில கருவிகள் 6 பிட் எண்ணைக் கேட்காமல் முழு பைட்டைக் கேட்கும். அங்கே 46க்குப் பதில் அதை 4ஆல் பெருக்கி 184 என்று கொடுக்க வேண்டும். வயர்ஷார்க்கில் ஒரு பாக்கெட்டைத் திறந்து, நாம் நினைத்த எண்தான் பதிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போகவும்.

முத்திரை மட்டும் போதாது

முத்திரை குத்தியும் குரல் சரியாகவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, “வரிசை எந்தக் கருவியில் நிற்கிறது?” என்பதுதான். திருப்பூரில் நம் ரவுட்டர் சேவை நிறுவனத்தின் பெட்டியோடு 1 ஜிபிபிஎஸ் ஈதர்நெட் கேபிளில் இணைந்திருந்தது. அதற்கு அப்பால்தான் 10 எம்பிபிஎஸ் குறுகல். நம் ரவுட்டருக்குப் பாதை விசாலமாகத் தெரிவதால் வந்ததை எல்லாம் உடனே தள்ளிவிடும். வரிசை அடுத்தவர் பெட்டியில் போய் நிற்கும். அங்கே நம் 46ஐ மதிப்பார் இல்லை. அதனால் நம் ரவுட்டரிலேயே வேகத்தை 9.5 எம்பிபிஎஸ்ஸுக்கு மட்டுப்படுத்தினோம். கொஞ்சம் வேகம் போனது. வரிசை நம் கைக்கு வந்தது. எல்லா மாற்றங்களிலும் அதிகப் பலன் தந்தது இதுதான்.

இரண்டாவது விஷயம், முதல் வரிசைக்கு ஒரு உச்சவரம்பு வேண்டும். குரல் வரிசை காலியாகும் வரை மற்றவை நகராது என்று வைத்து, அந்த வரிசைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டால் மற்ற எல்லாம் பட்டினி கிடக்கும். லைனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி ஒதுக்க வேண்டாம் என்பது சிஸ்கோவின் வடிவமைப்பு வழிகாட்டிகளில் நெடுநாளாக உள்ள அறிவுரை. என் அனுபவத்தில் அதிலும் குறைவாக வைப்பது நல்லது.

மூன்றாவது, யார் குத்திய முத்திரையை நம்புவது? போன் அனுப்பும் 46ஐ ஸ்விட்ச் நம்பலாம். அந்தப் போனுக்குப் பின்னால் செருகியிருக்கும் கணினி 46 என்று அனுப்பினால், நாமே அதற்கு அனுமதி எழுதியிருந்தாலன்றி, அதை 0 ஆக்கிவிட வேண்டும். இந்த எல்லைக்கோட்டை வரையாத இடத்தில் முன்னுரிமை என்பதே பொருளற்றுப்போகும்.

நான்காவது, ரவுட்டர் தான் அனுப்புவதை மட்டுமே வரிசைப்படுத்த முடியும். வந்து சேர்வதை வரிசைப்படுத்துவது மறுமுனையின் வேலை. தொழிற்சாலை முனையில் மட்டும் செய்தால் அங்கிருந்து போகும் குரல் தெளியும்; அங்கே வரும் குரலுக்கு அலுவலக முனையிலும் அதே ஏற்பாடு வேண்டும்.

வைஃபையில் வேறொரு பள்ளம் இருக்கிறது. அங்கே நான்கு வகைகள்தான்: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. பல கருவிகள் டிஎஸ்சிபியின் முதல் 3 பிட்டை மட்டும் எடுத்து வகை பிரிக்கும். 46ஐ இரும எண்ணில் எழுதினால் 101110. முதல் மூன்று 101, அதாவது 5. வைஃபை கணக்கில் 5 என்பது வீடியோ. குரல் என்று முத்திரை குத்தியது வீடியோ வரிசையில் போய் நிற்கும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325, 46ஐ 6ஆம் எண்ணுக்கு, அதாவது குரல் வகைக்கு மாற்றச் சொல்கிறது. உங்கள் ஆக்சஸ் பாயின்ட் இதைச் செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வேலியைத் தாண்டினால்

இவ்வளவும் நம் சொந்த வேலிக்குள். பொது இணையத்துக்குள் நுழைந்ததும் நம் முத்திரை பெரும்பாலும் அழிக்கப்படும். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் எல்லையில் எண்ணை 0 ஆக்குவது பரவலான வழக்கம். சில பழைய கருவிகள் முதல் 3 பிட்டை மட்டும் துடைக்கும். அப்போது 101110 என்பது 000110 ஆகி, 46 போய் 6 என்று வந்து நிற்கும். பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்கும்போது 6 தென்பட்டால், வழியில் எங்கோ அது நடந்திருக்கிறது என்று அறியலாம்.

இணையம் முழுவதற்கும் ‘பிரீமியம்’ பாதை அமைக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 அமைப்பு க்யூபோன் என்ற திட்டத்தில் இதைத் தீவிரமாக முயன்றது. அதில் ஈடுபட்ட பென் டைட்டல்பாமும் ஸ்டானிஸ்லாவ் ஷலுனோவும் 2002இல், அது ஏன் நடைமுறைக்கு வரவில்லை, ஏன் இனியும் அநேகமாக வராது என்று ஒரு கட்டுரையே எழுதினார்கள். உயர்ந்த முத்திரை விலைமதிப்புள்ளது என்றால் ஒவ்வொரு எல்லையிலும் காவல் வேண்டும். வழியில் உள்ள எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு லைனையே பெரிதாக்கிவிடலாம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இணையப் போக்குவரத்தில் உள்ளடக்கத்தைப் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. 2018 ஜூலையில் அரசு அதை ஏற்றது. நியாயமான போக்குவரத்து மேலாண்மைக்கும் சில சிறப்புச் சேவைகளுக்கும் மட்டும் விலக்கு. நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். என் அலுவலகத்தின் சொந்த லைனில் எது முன்னே போகலாம் என்று நாங்கள் கூடி முடிவு செய்கிறோம். அதே முடிவைச் சேவை நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு எல்லோர் சார்பிலும் எடுத்தால், பணம் கட்ட முடியாத சிறு தளங்கள் பின்வரிசையிலேயே நின்றுவிடும்.

பின்னே நிற்க முன்வருபவை

அதே க்யூபோனில் பிறந்த இன்னொரு யோசனை எனக்கு மிகவும் பிடித்தது: ‘ஸ்கேவெஞ்சர்’ சேவை. லைனில் மிச்சம் இருப்பதை மட்டும் எனக்குக் கொடு, நெரிசல் வந்தால் என்னை முதலில் ஒதுக்கு என்று பாக்கெட்டே தாழ்ந்து கேட்கும் முத்திரை. இதற்கு எந்த எல்லையிலும் காவல் தேவையில்லை. பொய்யாகப் பின்வரிசை கேட்டு யாருக்கும் லாபம் இல்லை. ஒரு ரவுட்டர் இதை மதிக்காவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. சாதாரணப் பாக்கெட்டாகப் போய்ச் சேரும்.

முதலில் இதற்கு 8 என்ற எண் இருந்தது. அதில் ஒரு முரண். 8 என்பது 001000. பழைய முறைப்படி முதல் 3 பிட்டைப் படிக்கும் கருவிக்கு அது 1, அதாவது 0ஐ விட உயர்ந்தது. பின்னே நிற்க விரும்பியதை அது முன்னே தள்ளிவிடும். 2019இல் வந்த ஆர்எஃப்சி 8622 புதிதாக 1 என்ற எண்ணைக் கொடுத்தது. 000001 என்பதில் முதல் 3 பிட்டைத் துடைத்தாலும் எண் மாறாது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

திருப்பூரில் நான் கடைப்பிடித்த வழியும் இதுதான். எது அவசரம் என்று துறைவாரியாகக் கேட்டால் எல்லாமே அவசரம் என்றுதான் பதில் வரும். “உங்களுடையதில் எது காத்திருக்கலாம்?” என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். பேக்கப் காத்திருக்கலாம். விண்டோஸ் அப்டேட் காத்திருக்கலாம். கேமரா பதிவுகள் காத்திருக்கலாம். இவற்றைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, வேகத்தை 9.5க்கு மட்டுப்படுத்தியதுமே பெரும்பாலான சிக்கல் தீர்ந்தது. 46 முத்திரை அதற்கு மேல் சிறு மெருகுதான். பேக்கப் முன்பைவிடச் சற்றுத் தாமதமாக முடிந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

வீட்டு இணைப்புக்கு இவ்வளவுகூட வேண்டியதில்லை. தேவைக்கு மீறிப் பெருத்த பஃபர்களின் கேட்டை ஜிம் கெட்டிஸ் ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர் சொல்லி எடுத்துக்காட்டிய பிறகு நல்ல தீர்வுகள் வந்தன. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் தந்த கோடல் முறையின் மேல் எழுந்த எஃப்கியூ-கோடல் ஒவ்வொரு உரையாடலையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி, மெலிந்த வரிசைக்கு வழிவிடுகிறது. குரல் இயல்பிலேயே மெலிந்தது; முத்திரை இல்லாமலே முன்னே போய்விடும். 2018இல் லினக்ஸ் 4.19இல் சேர்ந்த ‘கேக்’ இதனோடு வேக மட்டுப்படுத்தலையும் டிஎஸ்சிபி வகைகளையும் ஒன்றாகத் தருகிறது. உங்கள் ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி ஓடுமானால் எஸ்கியூஎம் பக்கத்தைத் திறந்து, லைன் வேகத்தைவிடச் சற்றுக் குறைவான எண்ணைக் கொடுத்தாலே போதும்.

முன்னுரிமை என்றதும் எல்லோருக்கும் முன்னால் நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார். பாரத்தைச் சுமப்பவர் பின்னால் நிற்பவர். அவரைக் கேட்டு, அவருக்குத் தெரிந்தே அந்த வரிசை அமைய வேண்டும். அதனால் ரவுட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் பட்டியலை எழுதுங்கள். சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் காட்டுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு எண்களைப் போடுங்கள். முதல் முத்திரையை 46இல் தொடங்காதீர்கள். 1இல் தொடங்குங்கள்.